டென்ஷன் எவ்வளவு

கப்பிக்கு மேலே ஒரு கயிறு, கயிற்றின் இந்த முனையில் நாலு கிலோ, அந்த முனையில் ஆறு கிலோ, பிடித்திருக்கும் கையை விட்டால் ஆறு இறங்கும், நாலு ஏறும், இதைச் சொல்ல இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, கிணற்றில் ஒரு தடவை வாளியை விட்டுப் பார்த்த யாரும் சொல்வார்கள். ஆனால் கேள்வி அது இல்லை. முடுக்கம் எவ்வளவு, கயிற்றில் டென்ஷன் எவ்வளவு, இரண்டு மீட்டர் இறங்கியதும் வேகம் எவ்வளவு, இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆறு கிலோ. தாமிராவும் ஆறு கிலோதான், போன வாரம் ஊசி போடப் போனபோது நர்ஸ் அவளைத் தராசில் கிடத்தி ஆறு என்று சொன்னதும் கொம்பையா அத்தான், "எங்க ஆபீசர் வெயிட்டான ஆளுல்லா" என்று மீசையைத் தடவிக்கொண்டார், மீசை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. பிறந்த அன்றிலிருந்தே மகள் அவருக்கு ஆபீசர்தான். ஆபீசர் எழுந்தாச்சு, ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டாங்க, துணி மாத்தணும். அவளை வெள்ளைத் தாளில் ஒரு சதுரமாக வரைந்து, உள்ளே ஆறு என்று எழுதி, தலையில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சீ, எழுது பேச்சி. பெயர் பேச்சியம்மாள், பாடம் டைனமிக்ஸ், நாலு வருஷப் படிப்பில் எல்லாப் பேப்பரும் தேறி இது ஒன்றுதான் பாக்கி. இதே காலேஜில் ஒரு தடவை எழுதிப் போய்விட்டது, இன்னொரு தடவை எழுத வந்து மசக்கையில் ஹாலை விட்டு ஓடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றதில் போய்விட்டது. இது கடைசி. அடுத்த பருவத்திலிருந்து பழைய பாடத்திட்டத்துக்குத் தேர்வே கிடையாதாம், இதில் தேறாவிட்டால் மற்ற பேப்பர்களைத் தேறியதற்கும் அர்த்தமில்லை, டிகிரி கிடையாது, வள்ளியூர்ப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடிக் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை தருகிறோம், சர்ட்டிபிகேட்டோடு வா என்று அவர்கள் சொன்னதும் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் காற்றாடிகள்தான் வரிசையாகத் தெரிகின்றன. காற்றுக் காலம் இன்னும் தொடங்கவில்லை, இரண்டு மட்டும் சோம்பலாகச் சுற்றுகின்றன, மற்றவை சும்மா நிற்கின்றன. எனக்கு அந்த வேலை வேண்டும், ரொம்பவும் வேண்டும், அதை யாரிடமும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை, அத்தானிடம்கூட.

டென்ஷன் ஆவாத பேச்சி, டென்ஷனே இருக்கக் கூடாது, என்ன, என்று காலையில் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஏறிக்கொண்டே போனது. அந்த வார்த்தையோடு எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், கயிற்றில் இருப்பது இழுவிசை என்றுதான் படித்தேன். இங்கே வந்த புதிதில் ஜெபராஜ் சார் என்னை எழுப்பி வாட் இஸ் டென்ஷன் என்று கேட்டார். டென்ஷன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், "பயம் சார்" என்றேன். வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "கயித்துக்கு என்னம்மா பயம்?" என்றார். அதிலிருந்து காலேஜ் முடியும் வரைக்கும் நான் டென்ஷன் பேச்சி. பிறகு அவர்தான் கயிறு இழுக்கத்தான் செய்யும், ஒருநாளும் தள்ளாது என்று சொன்னார், சாக்பீஸால் கரும்பலகையில் நேராக ஒரு கோடு இழுத்து, இது நிமிர்ந்து நின்றால் டென்ஷன் உண்டு, தொய்ந்தால் கிடையாது, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார், எனக்கு அது அவ்வளவோடு முடியவே இல்லை. ஃப்ரீ பாடி டயகிராம் போடு. எது வேண்டுமோ அந்தப் பொருளை மட்டும் தனியாகப் பிரித்து வை, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடு, தொட்ட இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி போடு. தரையை அழி, மேலே அம்பு போடு. கயிற்றை அழி, கயிறு இருந்த பக்கம் அம்பு போடு. தொட்டவை போய்விடும், தொட்டதன் பலம் மட்டும் அம்பாக நிற்கும். நன்றாகத்தான் இருக்கிறது கேட்பதற்கு. காலையில் வாகை மரத்தடியில் அத்தான் கையில் தாமிராவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவள் என் சுடிதாரின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "போ போ, ஆபீசரை நான் பாத்துக்கிடுதேன், நீ பெல் அடிக்க முந்தி உள்ள போ" என்றார் அவர். மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார், தோளில் என் பழைய நூல் சேலை, பையில் பாட்டில், பால் புகட்டுகிற பாலாடை, கிலுகிலுப்பை, மருந்துக்கடைக்காரர் என்பதால் மூன்று விதமான சொட்டு மருந்து. பாட்டிலில் பீய்ச்சி வைத்த பால். அவள் இதுவரை பாட்டிலை வாயில் வைத்ததே இல்லை, நாக்கால் தள்ளிவிட்டு நம்மைப் பார்த்து முகம் சுளிப்பாள், இன்றைக்கு மட்டும் ஏன் குடிக்கப் போகிறாள். டி கழித்தல் நாலு ஜி சமம் நாலு ஏ. முதல் சமன்பாடு வந்துவிட்டது. மேல்நோக்கி பாசிட்டிவ். அடுத்தது ஆறு கிலோவுக்கு.

அப்போதுதான் கேட்டது. முதலில் சிணுங்கல், அதற்குப் பிறகு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் அவள் மூச்சை இழுத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும், பிறகு வந்தது நிஜமான அழுகை. இந்த மூன்றாம் மாடிக்கு, இத்தனை ஜன்னல்களில் சரியாக என் ஜன்னலுக்கு. முன் பெஞ்சில் இருக்கிற பையன் தலையைக்கூடத் தூக்கவில்லை, அவனுக்கு அது ஏதோ ஒரு பிள்ளை. என் மார்பு இரண்டும் கல்லாக இறுகி, ஊசி குத்துகிற மாதிரி சுருக்சுருக்கென்று இழுத்து, பால் இறங்கிவிட்டது. உள்ளே மடித்து வைத்திருந்த துணி நனைந்து, ஷாலும் நனைகிறது, நான் இரண்டு முழங்கைகளையும் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு டி கழித்தல் ஆறு ஜி சமம் ஆறு ஏ என்று எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அழாதே கண்ணு, அழாதே, அம்மா இந்தக் கணக்கை முடித்துவிட்டு வந்துவிடுவேன். தோளில் போட்டு முதுகைத் தட்டுங்கள் அத்தான், மடியில் வைத்து ஆட்டாதீர்கள், ஆட்டினால் கூட அழுவாள். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாததா, பிரசவ வார்டிலிருந்து வந்த முதல் ராத்திரி நான் தூங்கட்டும் என்று விடிய விடிய தூக்கிக்கொண்டு நடந்தவர். அழுகை ஏறிக்கொண்டே போய், ஏறின இடத்திலேயே சட்டென்று நின்றுவிட்டது. தேய்ந்து அடங்கவில்லை, அப்படியே நின்றது. அழுகிறாளே என்று இவ்வளவு நேரம் தவித்த நான் இப்போது அழவில்லையே என்று ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். இவள் இப்படி நிறுத்துகிற பிள்ளை இல்லை. ஒன்று பால் கிடைத்திருக்க வேண்டும், அல்லது புரை ஏறியிருக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருப்பார், மூக்கில் ஏறியிருக்கும், முகம் சிவந்து சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். அல்லது மரத்திலிருந்து ஏதாவது பூச்சி. வாகை மரத்தில் கம்பளிப்பூச்சி உண்டு, படிக்கிற காலத்திலேயே உண்டு, அதை எப்படி மறந்து அங்கே உட்காரச் சொன்னேன். ஃபேன் சுற்றுகிற சத்தம், பேனாக்கள் ஓடுகிற சத்தம், வெளியே ஒன்றுமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், ஒரு பஸ் ஹாரன், அவ்வளவுதான். எங்கள் குலதெய்வம் பேச்சி பிள்ளைகளைக் காக்கிறவள் என்றுதான் எனக்கு இந்தப் பெயரையே வைத்தார்கள். தாயே, கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துக்கொள், நான் இரண்டாவது சமன்பாட்டில் இருக்கிறேன். கை தன்பாட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது, பெருக்குகிறது, அடிக்கிறது. ஏ சமம் மைனஸ் ஜி. டி சமம் பூஜ்யம்.

டென்ஷன் பூஜ்யம். அத்தான் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது, டென்ஷனே இருக்கக் கூடாது என்றாரே, இதோ இல்லை, அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது, மூக்கை உறிஞ்சினேன். ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம், சின்ன வயசுதான், என்னைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவராக இருப்பார், பக்கத்தில் வந்து நனைந்த ஷாலைப் பார்த்தார், பார்த்ததும் புரிந்துகொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "கீழ அழுதது உன் பிள்ளையாம்மா?" என்றார் குனிந்து. ஆமாம் மேடம். "எத்தனை மாசம்?" அஞ்சு மேடம், போய்ப் பாத்துட்டு வரலாமா மேடம், ஒரே ஒரு நிமிஷம். அவர் முகம் வாடியது. "பேப்பரைக் குடுத்துட்டுத் தாராளமாப் போலாம்மா, வெளிய விடுற நேரம் ஆயிட்டு. ஆனா போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க, நான் விட்டாலும் மேல இருக்கவங்க விட மாட்டாங்க. யோசிச்சுக்கோ" என்று முதுகில் லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்தார். யோசிக்க என்ன இருக்கிறது. ஹால் டிக்கெட்டை எடுத்தேன், பேனாவை மூடினேன், ஸ்கேலையும் கால்குலேட்டரையும் சேர்த்துப் பிடித்தேன், எழுந்தேவிட்டேன். டிகிரி போனால் போகட்டும், காற்றாடிக் கம்பெனி இல்லாவிட்டால் வேறொன்று, டென்ஷன் பேச்சி என்று சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரித்துக்கொள்ளட்டும், என் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பேப்பரை எடுக்கக் குனிந்தபோது அந்தப் பூஜ்யம் கண்ணில் பட்டது. டென்ஷன் பூஜ்யம் என்றால் கயிறு தொய்ந்துவிட்டது, கயிறு என்று ஒன்று இல்லாத மாதிரிதான். இரண்டும் அதனதன் பாட்டுக்குக் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன, நாலு கிலோ தனியாக, ஆறு கிலோ தனியாக, ஒன்றுக்கு ஒன்று யாரோ. ஏ சமம் மைனஸ் ஜி என்றால் அதுதானே, தடுக்க ஆளில்லாமல் விழுவது. ஆனால் படத்தில் நான் கயிற்றை நேராகத்தான் வரைந்திருக்கிறேன், யாரும் அதை வெட்டவில்லை. வெட்டாத கயிற்றில் இரண்டு பக்கமும் கனம் தொங்கும்போது பூஜ்யம் எப்படி வரும். வராது. இதைச் சொல்ல எனக்கு சமன்பாடு தேவைப்படவில்லை, மூன்று மாடிக்குக் கீழே அவள் அழுததற்கு இங்கே என் ஷால் நனைந்திருக்கிறது, இதைவிட என்ன வேண்டும். விடை தப்பு. பொட்டுத் தப்பு இல்லை, முழுத் தப்பு. எங்கே தப்பு. நின்றபடியே பார்த்தேன். நாலு கிலோவுக்கு மேலே அம்பு, முடுக்கமும் மேலே. சரி. ஆறு கிலோவுக்கு மேலே அம்பு, முடுக்கம் அதுவும் மேலே என்று போட்டிருக்கிறேன். அட மக்கு. ஒரே கயிற்றின் இரண்டு முனையும் எப்படி ஒரே நேரத்தில் மேலே போகும். ஒன்று ஏற வேண்டும் என்றால் மற்றது இறங்க வேண்டும். இந்த முனையில் நான் இருந்தால் அந்த முனையில் அவர் இருக்கிறார். அந்த முனையில் சத்தம் அடங்கிவிட்டது என்றால் கயிறு அறுந்துவிட்டது என்று எதற்கு நினைத்தேன், அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஏன் நினைக்கவில்லை. விடிய விடிய நடந்தவர் பட்டப்பகலில் விட்டுவிடுவாரா. இப்படி நினைத்துக்கொண்டதால் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். மேடம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழையதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஆறு ஜி கழித்தல் டி சமம் ஆறு ஏ என்று எழுதினேன், கூட்டினேன், டி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போனது. இரண்டு ஜி சமம் பத்து ஏ. ஒன்று புள்ளி ஒன்பது ஆறு. டென்ஷன் நாற்பத்தேழு புள்ளி ஒன்று நியூட்டன். ஆறு கிலோ விழவில்லை, இறங்குகிறது, நிதானமாக இறங்குகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் அழுகை வந்தது, ஒரு எண்ணுக்காக அழுதால் பைத்தியம் என்பார்கள் என்று வேகத்தையும் போட்டு முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதற்குப் பிறகும் காது ஜன்னலில்தான் இருந்தது, கை மட்டும் எழுதியது, சறுக்குப் பலகையில் ஒரு கட்டை, வளைவில் ஒரு கார், மோதிப் பிரிகிற இரண்டு பந்துகள், ஒவ்வொன்றையும் பிரித்து வைத்தேன், தொட்டவற்றை அழித்தேன், அம்பு போட்டேன். எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துப் போட்டேன்.

பெல் அடித்ததும் பேப்பரை மேடம் கையில் கொடுத்துவிட்டுப் படிகளில் இறங்கினேன், இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழாத குறைதான். வாகை மரத்தடியில் ஆள் இல்லை. சிமெண்டுப் பெஞ்சில் கிலுகிலுப்பை மட்டும் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினால் என் முகத்தைப் பார்த்தே வாட்ச்மேன் கையை நீட்டினார். "பிள்ளைக்காரரத்தான தேடுதிய? அந்தா ரோட்டுல நிக்காரு பாருங்க, வெயில்ல இங்குட்டும் அங்குட்டுமா நடந்துக்கிட்டே கெடக்காரு, நெழல்ல இருங்கன்னாலும் கேக்கல." நெடுஞ்சாலை ஓரம், பஸ் நிறுத்தத்துக்கும் புளிய மரத்துக்கும் நடுவில் அத்தான் நடந்துகொண்டிருந்தார். தலையில் என் நூல் சேலை, சேலையின் மறு பாதி தோளில் கிடந்த தாமிராவின் மேல். சட்டை முன்பக்கம் பூராவும் பால் திட்டு. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

"அழுதாளே அத்தான்."

"அழுதா. ஒனக்குக் கேட்டுரும்னு பயந்துதான் தூக்கிட்டு ஒரே ஓட்டமா மதிலுக்கு இந்தப் பக்கம் ஓடியாந்தேன். இங்கன லாரியும் பஸ்ஸும் போற சத்தத்துல ஆபீசர் எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம்லா. ஒனக்குக் கேக்கலையே?"

"கேக்கல" என்றேன். கேட்டது, நின்றது, எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். "பாட்டில்ல குடிச்சாளா?"

"தொட மாட்டேனுட்டா. பாலாடையில குடுத்தேன். அவ வயித்துல பாதி, என் சட்டையில பாதி. இப்பத்தான் அசந்தா."

பேச்சுச் சத்தத்தில் தாமிரா தலையைத் திருப்பினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், கீழ் உதடு பிதுங்கியது, ஒரு நிறுத்தம், மூச்சை இழுத்துக்கொண்டு ஓவென்று ஆரம்பித்தாள், இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிற அழுகை. "பாத்தியா, எங்கிட்ட சமாதானமாத்தான் இருந்தா. ஒன் மொகத்தப் பாத்ததும் பிராது குடுக்கா பாரு" என்று அத்தான் அவளை என்னிடம் நீட்டினார். புளிய மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். கழுத்துப் பட்டியைப் பிடித்தாள், முகத்தை முட்டினாள், சத்தம் அப்படியே அடங்கிப் போனது. எனக்கு இறுகியிருந்ததெல்லாம் இளகி இறங்கியது.

அத்தான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "டென்ஷன் இல்லாமத்தான எழுதுன?"

"இல்ல அத்தான். நாப்பத்தேழு."

"என்னது நாப்பத்தேழு?"

"டென்ஷன். மொதல்ல பூஜ்யம்னு வந்துச்சு. அது தப்பு. அடிச்சுட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பத்தேழுன்னா நல்லதா, கெட்டதா?" என்றார். நல்லது என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி எங்களுக்கு மறைப்பாக நின்றார்.